எதிரே தெரியும் தீவு

பெமியா பெரியம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருடங்களை ஹாங்காங்கில் ஒரே வீட்டில், ஒரே கிழவியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கழித்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் ஊருக்கு வருவாள். அவள் அனுப்பியதில்தான் செல்சோ மாமாவின் வீட்டுக்கு மேல்தளம் வந்தது, நான் படித்தேன், என் அம்மாவின் இடுப்பெலும்பு சரியானது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வங்கி வாசலில் காவல் நின்ற ஒருவர் மூன்று வருடம் அவளுக்காகக் காத்திருந்ததாகவும், நான்காம் வருடம் வங்கிக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருந்தவளைக் கட்டிக்கொண்டதாகவும் அம்மா சொல்வாள்.

எதையும் தனக்கென்று தேர்ந்தெடுத்துப் பழகாதவள் அவள். கோழி வெட்டினால் எல்லாரும் எடுத்தபிறகு சட்டியில் எது கிடக்கிறதோ அதுதான் அவளுக்கு. "எனக்கு கழுத்துதான் புடிக்கும்" என்பாள். ஒருமுறை நான் கழுத்தை எடுத்துவிட்டேன். "எனக்கு கால்தான் புடிக்கும்" என்றாள்.

தீவுகள் அவளுக்குப் புதிதல்ல. நாங்கள் இருப்பதே தீவில்தான், செபுவின் தென்கோடியில், சாலை ஓடிவந்து கடலில் முட்டி நிற்கும் இடத்தில். அதுபோக, கிழவியின் குடும்பம் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் இவளையும் கூட்டிக்கொண்டு போகும். புக்கெட் போயிருக்கிறாள். லங்காவி போயிருக்கிறாள். பாலிக்கு இரண்டு தடவை. பாலியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "சரிவுப் பாதையெல்லாம் நல்லா போட்டிருக்காங்க. சக்கரம் எங்கயும் சிக்கல" என்பாள்.

நானும் ஐந்து வருடம் உல்லாசக் கப்பல்களில் படுக்கை விரித்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிவிட்டு, போன மார்ச்சில்தான் திரும்பி வந்தேன். வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியாமல் திரிகிறேன். அதனால்தானோ என்னவோ, பெரியம்மா இந்தத் தடவை வந்து இறங்கிய முதல் நாளே என்னைத் துணைக்குப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய கைப்பேசி ஒலித்தது. கை முழுக்கச் செதில் என்பதால் என்னை எடுக்கச் சொன்னாள். திரையில் ஒரு பெண்மணி. முகம் ஊதி, நிறம் மங்கி, ஆனால் புருவத்தை மட்டும் கச்சிதமாக வரைந்திருந்தாள்.

"ஏய் கிழவி, வந்துட்டியா? உங்க ஊரு நாய் குரைக்கிறது இங்க வரைக்கும் கேக்குது."

"வந்துட்டேன் ருஃபினா."

"எப்ப வர்ற?"

"வரேன், வரேன். இப்பதான பெட்டியே பிரிச்சிருக்கேன்."

"இந்த 'வரேன் வரேன்' எனக்கு வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திட்டேன். ரத்தம் கழுவிக் கழுவி எனக்கே அலுத்துப்போச்சு. இனிமே இந்தத் திண்டுல சாஞ்சுகிட்டு இருக்கறதுதான் வேலை. பாக்கணும்னா இந்தத் தடவ வந்து பாரு. அடுத்த லீவுல வந்தா கல்லறைக்குப் பூ வாங்கிட்டு வரணும், தெரிஞ்சுக்கோ."

பெரியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

ருஃபினாவும் ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்த்தவள். பதினான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகள் இருவருக்கும் ஒன்றாகக் கழிந்தன. நகரத்தின் நடுவே ஒரு நடைமேம்பாலத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் உட்கார்ந்து சீட்டாடுவார்கள், ஒருத்திக்கு ஒருத்தி தலைபின்னுவார்கள், ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டுவார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் பெரியம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரண்டு வருடத்துக்குமுன் சிறுநீரகம் கெட்டு ருஃபினா ஊர் திரும்பினாள். அவள் ஊர் சிகிஹோர்.

சிகிஹோர் எங்கள் கடற்கரையிலிருந்தே தெரியும். காலையில் நீலமாக, மழைக்குமுன் கறுப்பாக. அக்கரையில் துமகெத்தேவுக்குப் படகேறி, அங்கே வேறு படகு மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அங்கே கால் வைத்ததில்லை. செய்வினை வைக்கிறவர்கள், வசிய மருந்து காய்ச்சுகிறவர்கள், தொட்டால் வயிறு ஊதவைக்கிறவர்கள் எல்லாம் அந்தத் தீவில்தான் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஊர்க்காரர் யாராவது தோளில் தட்டினால் உடனே திருப்பித் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். நான் மூன்று பெருங்கடல் பார்த்தவள். இன்றைக்கும் துமகெத்தே சந்தையில் யாராவது தோளில் கை வைத்தால் என் கை தானாக எழும்.

"வீட்டுல சொல்லிட்டுப் போக வேண்டியதுதான பெரியம்மா?" என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்றது இந்தாய்?" எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் எல்லாருமே இந்தாய்தான். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வரேன். வந்ததும் வராததுமா சிநேகிதி வீட்டுக்குப் போறேன்னா, நாங்க உனக்கு ஆகாதவங்களாயிட்டோமான்னு செல்சோ கேப்பான். வாயத் தொறந்து கேக்கவும் மாட்டான். மூஞ்சிய அப்பிடி வெச்சுக்குவான். அதப் பாத்துகிட்டு எப்பிடிப் போறது? சரி, தனியா போறேன்னு வை. கல்யாணம் ஆகாதவ, சிகிஹோருக்குத் தனியா படகேறினான்னா ஊரு என்ன சொல்லும்? மருந்து வாங்கப் போறான்னு சொல்லும்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலன்னா ரெட்டிப்பு மருந்து வாங்கப் போறான்னு சொல்லும்."

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. விடுமுறைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு தீவுக்குப் போகலாம் என்று சொல்வாள். எந்தத் தீவு என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். பேச்சோடு பேச்சாக சிகிஹோர் பக்கம் திருப்பிவிடலாம். அருவி இருக்கிறது, மணல் வெள்ளை, கிட்டத்தில் இருக்கிறது. அவர்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது இவள் போய் ருஃபினாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். "நீயும் கொஞ்சம் எடுத்துக் குடு. ஆனா ருஃபினா பேர மட்டும் வாயில எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அதைத்தான் நான் செய்திருக்கக் கூடாது.

மறுநாள் மத்தியானம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்: பெரியம்மா, அவள் தம்பி செல்சோ மாமா, மாமாவின் மனைவி டெல்மா அத்தை, என் அம்மா, நான். தீவுப் பேச்சை எடுத்ததுதான் தாமதம், டெல்மா அத்தை கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டாள்.

"போராக்காய்! அக்கா, போராக்காய்தான். பக்கத்து வீட்டுக்காரி போயிட்டு வந்து, ஒரே கால நூறு விதமா படம் புடிச்சுப் போட்டிருக்கா. எனக்கென்ன காலு இல்லையா?"

"உன் கால அங்க கொண்டுபோனா மணல் கறுத்துப்போகும்" என்றார் மாமா. "கமிகின் போலாம். அங்க எனக்கு ஆளு இருக்கு."

"உங்க ஆளுன்னா சாராயக்கடை வெச்சிருக்கறவன்தான?"

"கடை அவனோடது. குடிக்கறதுதான் நானு."

அம்மா மெதுவாக, "பந்தாயன்ல கருவாடு நல்லாருக்குமாம்" என்றாள். அம்மாவுக்கு எந்த ஊரும் அங்கே கிடைக்கும் கருவாட்டின் பெயரால்தான் தெரியும்.

பெரியம்மா தொண்டையைச் செருமினாள். "சிகிஹோர்கூட நல்லாருக்குங்கறாங்க. கிட்டதான. அருவியெல்லாம் இருக்காம்."

அம்மா டெல்மா அத்தையைப் பார்த்தாள். பிறகு மாமா பெரிதாகச் சிரித்தார். "அக்கா, உனக்கு ஹாங்காங்ல சேதியே வராதா? மெல்கோருக்குக் கால் பலாப்பழம் மாதிரி வீங்கிக் கெடக்கு. மூணு வாரமாச்சு."

மெல்கோர் யார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வருகிற ஊர்த்தலைவர் தேர்தலில் மாமாவை எதிர்த்து நிற்கிறவர்.

"அதுக்கு?"

"அதுக்கா? நான்தான் வெச்சுட்டேன்னு பாதி ஊரு பேசுது. இப்ப நம்ம குடும்பம் பொட்டி படுக்கையோட சிகிஹோருக்குப் படகேறினா மீதிப் பாதியும் பேசும். அடுத்த காலுக்கு வாங்கப் போறாங்கம்பான்."

"சும்மா சொன்னேன்" என்றாள் பெரியம்மா. "எனக்கு எங்கன்னாலும் ஒண்ணுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டுப் போட்டுப் பார்க்கலாமே என்றேன். ஆளுக்கு ஒரு தீவு, மாமாவின் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பது, எது வருகிறதோ அதற்குத்தான் போவது. யார் மனமும் நோகாது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. காலண்டர் தாளைக் கிழித்து, டெல்மா அத்தையின் புருவப் பென்சிலால் அவரவர் மறைத்து மறைத்து எழுதி, மடித்துப் போட்டோம். நான் சிகிஹோர் என்று எழுதினேன். பெரியம்மா என்ன எழுதியிருப்பாள் என்பதும் தெரியும். ஐந்தில் இரண்டு.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாமா பிடுங்கிப் படித்தார். "சிகிஹோர்."

பெரியம்மாவின் முகத்தில் அந்த ஒரு நொடி வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

"இது கணக்குல இல்ல" என்றாள் அத்தை. "இது சும்மா, கை பழக எடுத்தது." அந்தச் சீட்டைக் கசக்கி ஜன்னல் வழியே வீசிவிட்டு, தொப்பியை நன்றாகக் குலுக்கி, இன்னொன்றை எடுத்தாள்.

மறுபடியும் சிகிஹோர்.

"சேசு மரி சூசையே!" அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். மாமா தொப்பியைக் கவிழ்த்து மீதியிருந்த மூன்றையும் பிரித்துப் போட்டார். போராக்காய், கமிகின், பந்தாயன்.

"என்னோடது போராக்காய்" என்றாள் அத்தை.

"கமிகின் நானு."

"பந்தாயன் நான் எழுதினது" என்றாள் அம்மா.

எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். மாமாவின் முகம் இறுகியிருந்தது. பெரியம்மா மேசை விரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "நானும் பந்தாயன்னுதான் எழுதினேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்வேன்? "நானும் பந்தாயன்தான்" என்றேன்.

அவ்வளவுதான். எழுதியது மூன்று பந்தாயன், தொப்பியில் இருந்தது ஒன்று. மற்ற இரண்டும் தொப்பிக்குள் இருக்கும்போதே எழுத்து மாறிவிட்டன. அத்தையின் கைமயிர் குத்திட்டு நின்றது, அதை எங்கள் எல்லாரிடமும் காட்டினாள். "கூப்புடுது. அந்தத் தீவு நம்மள கூப்புடுது. போனா ஒருத்தர விட்டுட்டுதான் திரும்பணும்." ஜன்னலுக்கு வெளியே விழுந்த சீட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டுவந்து உப்புப் போட்டு எரித்தாள். மாமா அரசியல்காரர், உடனே கணக்குப் பார்த்தார். "எழுதினது மூணு பேரு பந்தாயன். பெரும்பான்மை. முடிஞ்சுது. பந்தாயன்."

பந்தாயன் எங்கள் தீவின் மறுகோடிக்கும் அப்பால் இருக்கிறது, நேர் வடக்கே. ஒரு முழுப்பகல் வண்டியில் போய், பிறகு படகு. சிகிஹோர் இருப்பது தெற்கே.

எல்லாரும் ஏறக்கூடிய ஜீப்னி வண்டி, பெரியம்மா வந்த ஒன்பதாம் நாளுக்குத்தான் வாடகைக்குக் கிடைத்தது. இடையில் ஆறு நாள் இருந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்கு நாள் ஏது? ஞானஸ்நானத்தில் அவள் ஞானத்தாயாக நின்ற ஞானப்பிள்ளைகள் மட்டும் பத்தொன்பது பேர். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டாக வேண்டும். ஒரு வீட்டில் பன்றியைச் சுட்டார்கள், அடுத்த வீட்டில் ஆட்டை அறுத்தார்கள். நான் விடவில்லை. ஆறாம் நாள் ஒரு வழி சொன்னேன்: துமகெத்தேவுக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு விடியற்காலைப் படகைப் பிடிப்போம், அங்கிருந்து நேரே சிகிஹோர், சாயங்காலம் திரும்பிவிடலாம். பெரியம்மா தயங்கித் தயங்கிச் சரி என்றாள். ருஃபினாவுக்காகக் கொண்டுவந்திருந்த இஞ்சி மிட்டாயைப் பையின் அடியில் வைத்தாள்.

காலையில் வாசலைத் திறந்தால் டெல்மா அத்தை குளித்து, பவுடர் போட்டு, குடையோடு நிற்கிறாள். பின்னால் பக்கத்து வீட்டுக்காரியும் அவள் நாத்தனாரும்.

"துமகெத்தேக்குதான? நல்லவேள, தூங்கிருந்தா விட்டுட்டுப் போயிருப்பீங்க."

அன்றைக்கு நாள் முழுக்க துமகெத்தேவில் செருப்புக்கடை, திரைச்சீலைக்கடை, மறுபடியும் முதல் செருப்புக்கடை என்று நடந்தோம். மத்தியானம் கடலோரச் சுவரில் உட்கார்ந்து தென்னங்கீற்றில் கட்டி வேகவைத்த சோற்றைப் பிரித்தோம். எதிரே சிகிஹோர், எங்கள் ஊரில் தெரிவதைவிடப் பெரிதாக. துறைமுகத்திலிருந்து ஒரு படகு அந்தப் பக்கம் கிளம்பிப் போயிற்று. பெரியம்மா அது புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று, "அத்தை, நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். பெரியம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். திரும்புகிற வழியில் எல்லாருக்கும் பன் வாங்கினாள்.

பந்தாயனுக்குப் பதினேழு பேர் போனோம். அரிசிப் பானை, பாட்டுப்பெட்டி, ஊரிலேயே சுட்டுக் கட்டிய ஒரு முழுப் பன்றி. மணல் உண்மையிலேயே வெள்ளைதான். அத்தை தன் காலைப் படம் பிடித்தாள். மாமா இரண்டு நாளும் ஒலிபெருக்கியில் காதல் பாட்டு பாடினார். பெரியம்மா விடிவதற்குள் எழுந்து எல்லாருக்கும் பூண்டுச் சோறு வதக்கினாள், பதினேழு தட்டு கழுவினாள், பக்கத்து வீட்டுக்காரியின் தாய்க்கு மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். "அக்கா, நீ சும்மா உக்காரு, இது உன் விடுமுறை" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ருஃபினா கூப்பிட்டாள். பெரியம்மா தண்ணீர் ஓரமாகப் போய் எடுத்தாள். நான் அவளுக்கு நிழலாக நின்றேன். திரையில் ருஃபினா முந்திய தடவையைவிடச் சிறுத்திருந்தாள். அன்றைக்குப் புருவம் வரையவில்லை.

"கடல் சத்தம் கேக்குது. எங்க இருக்க?"

"பந்தாயன்."



"பந்தாயன் வடக்க இல்ல இருக்கு?"

"ஆமா."

"உனக்குத் தெச தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று ருஃபினா சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. "சுரங்க ரயில்ல இருந்து ஒரு நாளாவது சரியான வாசல்ல ஏறி வந்திருக்கியா நீ? பதினாலு வருஷம் உன்ன எதிர் வாசல்ல தேடித் தேடியே எனக்கு மூட்டு தேஞ்சுது."

"வியாழக்கிழம வரேன். நிச்சயமா."

"வா. இப்பிடியே கைய வீசிகிட்டு வா. எதையாவது தூக்கிட்டு வராத."

வியாழக்கிழமை பதிமூன்றாம் நாள். பதினான்காம் நாள் காலை அவள் நகரத்துக்கு பஸ் ஏற வேண்டும். விமானம் அதற்கு மறுநாள். கடைசியாகக் கையில் இருந்தது அந்த வியாழன் ஒன்றுதான். யாரிடமும் எதுவும் சொல்லாமல், நான் முன்னால் அவள் பின்னால் என்று தனித்தனியாகத் துறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சீட்டு விற்கும் ஜன்னல் மூடியிருந்தது. கரும்பலகையில் சாக்குக்கட்டியால் ஒன்றாம் எண் எச்சரிக்கை என்று எழுதியிருந்தது. தூரத்தில் கிழக்கே, வேறு மாகாணங்களுக்கு நேராக, ஒரு புயல். எங்கள் கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. சிகிஹோர் மலையின் மடிப்புகளை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

பெரியம்மா கடலோரக் காவல் இளைஞனிடம் போனாள். அவள் யாரிடமாவது குரலுயர்த்தியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தம்பி, என்ன காத்து அடிக்குதுன்னு நிறுத்தி வெச்சிருக்கீங்க? அந்தா தெரியுது பாருங்க தீவு!"

"எனக்கும் தெரியுதுங்கம்மா."

"அப்புறம்?"

"உத்தரவும்மா. எச்சரிக்கை எறங்கினாத்தான். நாளைக்கு மத்தியானம் எறங்கலாம்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

அந்த இளைஞன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவனால் வேறென்ன செய்ய முடியும்? உட்காருவதற்குத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். பெரியம்மா அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஒரு மணி நேரம் காத்திருந்தாள், எச்சரிக்கை அதற்குள் மனம் மாறிவிடும் என்பதுபோல.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் சேதி எங்களை முந்திக்கொண்டு போயிருந்தது. மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

"அக்கா, சிகிஹோர் போற சீட்டு எங்கன்னு துறையில விசாரிச்சியாமே. மெல்கோர் பொண்டாட்டி மீன்சந்தையில நின்னு கத்திகிட்டு இருக்கா. எலெக்‌ஷனுக்கு மூணு மாசம் இருக்கறப்ப உனக்கு அங்க என்னக்கா வேல?"

"என் சிநேகிதி சாகப் போறாடா" என்றாள் பெரியம்மா.

வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாலத்தின்மேல் அட்டை விரித்தது, காய்ச்சலில் கிடந்தபோது ருஃபினா வேலை செய்கிற வீட்டிலிருந்து பயந்து பயந்து கஞ்சி கடத்தி வந்தது, இந்த லீவுக்குள் வரச் சொன்னது, ஞானப்பிள்ளைகள், செருப்புக்கடை, பந்தாயன். சீட்டையும் சொன்னாள். "ஒண்ணு நான் எழுதினேன்."

"இன்னொண்ணு நான்" என்றேன்.

டெல்மா அத்தை எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து, பெரியம்மாவின் முழங்காலில் அடித்து அழ ஆரம்பித்தாள். "பாவி மகளே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத நாளே போயிருப்பமே! பேய் இருந்தா என்ன, பிசாசு இருந்தா என்ன? நானே உன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பனே!"

"தேர்தல் கெடக்குது கழுத" என்றார் மாமா.  "எங்ககிட்டச் சொல்ல உனக்கு என்னக்கா வெக்கம்? நாங்க யாரு?"

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. முதல் நாள் அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், அத்தை ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் படகில் ஏறியிருப்பாள். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சத்தியத்தைத் தூக்கிக் கடலில் போட்டிருக்க வேண்டும்.

மாமா கிளம்பினார். விசைப்படகு வைத்திருக்கும் கூட்டாளிகள் மூன்று பேரிடம் போனார். மூன்று படகையும் காவலர்கள் கரையேற்றி, எண்ணைக் குறித்துக்கொண்டு போயிருந்தார்கள். நகராட்சியில் தெரிந்தவருக்குப் போன் செய்தார். அவர் வேறொருவரின் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் துறைக்கே போய், அதே இளைஞனிடம் தான் ஊர்த்தலைவராக வரப்போகிறவர் என்று சொல்லிப் பார்த்தார். அவன் அவருக்கும் அந்த நாற்காலியைப் போட்டானாம். நாலு மணிக்குச் சட்டை நனைந்து திரும்பி வந்தவர், "சரி, போன் போடு. அவங்களப் பாத்தாவது பேசுவோம்" என்றார்.

கடற்கரைக்கே போனோம், அங்கேதான் இணைப்பு நன்றாக வரும் என்று. சேதி கேட்டு அக்கம்பக்கத்தாரும் வந்துவிட்டார்கள். நான்தான் அழைத்தேன். ருஃபினாவின் மகள் எடுத்து, தாயின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பெரியம்மா என் தோளை ஒட்டி நின்றிருந்தாள். நான் அவளிடம் நீட்டுவதற்குள் மாமா வாங்கிக்கொண்டார்.

"வணக்கம்மா. நான் பெமியாவோட தம்பி. மன்னிச்சுக்கணும். எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"பரவால்ல, பரவால்ல" என்றது ருஃபினாவின் குரல்.

"எச்சரிக்கை மட்டும் எறங்கட்டும். மொத்தக் குடும்பமா வரோம். பன்னி சுடுவோம். இதோ பாருங்க, உங்க ஊரு இங்கருந்தே தெரியுது." கைப்பேசியைத் திருப்பிக் கடலைக் காட்டினார். ருஃபினாவுக்கு அவள் தீவையே காட்டினார்.

டெல்மா அத்தை பிடுங்கினாள். "நான் டெல்மா. உங்க ஊரப்பத்தித் தப்பாப் பேசிட்டேங்க. சாமி சத்தியமா இனிமே பேச மாட்டேன். நல்லா சாப்பிடுங்க. பப்பாளி எலை அரைச்சுக் குடிச்சா ஒடம்பு தேறும்."

"சரிம்மா. பெமியா எங்க?"

"இங்கதான் இருக்கா." அம்மா வாங்கினாள். அம்மா திரையைப் பார்த்து அழுதாள். அடுத்து பக்கத்து வீட்டுக்காரி. அடுத்து அவள் நாத்தனார். எல்லாருக்கும் ஏதோ ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் நல்லதையே சொன்னார்கள். பெரியம்மா குள்ளம். கூட்டத்துக்குப் பின்னால் குதிகாலை உயர்த்தி, தோள்களுக்கு நடுவே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கையை நீட்டினாள். யாரோ பேச ஆரம்பித்ததும் இழுத்துக்கொண்டாள்.

"பெமியாவக் காட்டுங்க" என்று ருஃபினா இன்னொரு முறை கேட்டது எனக்குக் கேட்டது. "குடுங்க, அவகிட்டக் குடுங்க!" என்று நான் கத்தினேன். கைமாறி, கைமாறி, கடைசியில் அவளிடம் வந்தது.

திரையில் ஒரு வீட்டின் கூரை தெரிந்தது. தகரமும், அதைத் தாங்கும் மூங்கிலும்.

மகளின் குரல் மட்டும் வந்தது. "அம்மா அசந்துட்டாங்க பெரியம்மா. எழுப்பட்டுமா?"

"வேணாம். எழுப்பாத. தூங்கட்டும்" என்றாள் பெரியம்மா.

சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி நடந்தார்கள். மாமா மணலைக் காலால் கிளறிக்கொண்டு தள்ளி நின்றார். பெரியம்மா கைப்பேசியை இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்து அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமும் யாரும் துண்டிக்கவில்லை.